100 × 60 × 25: செங்கோட்டையிலிருந்து சென்னை போன அழுங்குக் கவசம்

அழுங்கு வேடத்துக்காகச் செங்கோட்டையில் நான் ஃபோமில் வெட்டி ஒட்டிய கவசம், காமிக் கான் விழா நடந்த சென்னை வர்த்தக மையத்தில் பெட்டியைவிட்டு வெளியே வந்தது. ஒரு பகல் முழுக்க என் மேல் கிடந்து நடமாடியது. பிறகு அதே பெட்டிக்குள் அடங்கி ஊர் வந்து சேர்ந்தது. உள்ளூர் மேடைக்கு வேடம் கட்டுவது வேறு, இரவு ரயிலில் கொண்டுபோய் மறுநாள் காலையில் மாட்டுவது வேறு. இரண்டாவதைப் பற்றித் தமிழில் தேடியபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் அளவு, விலை, பழுது எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

காமிக் கான் என்பது காமிக்ஸ், சினிமா, விளையாட்டு ரசிகர்கள் பாத்திரங்களின் வேடமிட்டுக் கூடுகிற விழா. 2011-ல் டெல்லியில் தொடங்கியது. பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அடுத்தடுத்து வந்தது. சென்னைக்கு 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில்தான் முதன்முதலாக வந்தது. தேதி தெரிந்ததும் நாட்காட்டியைப் பார்த்தேன். 17 அந்த மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, அதாவது உலக அழுங்கு தினம். எறும்புதின்னி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அதே விலங்குதான். செங்கோட்டைக்கு மேற்கே புளியரை தாண்டினால் மலை. அந்தக் காடுகளில் இருக்கிற விலங்கு, செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டு அருகிக்கொண்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து நிற்கிறது. இருந்தும் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்கு அதன் முகம் தெரியாது. எந்தப் படத்திலும் விளையாட்டிலும் இல்லாத, நானே வரைந்த பாத்திரமாக ஓர் அழுங்கு வீரியைக் கட்ட முடிவு செய்தேன்.

முதலில் உடம்பை அளந்தேன். உடம்பில் பழைய சட்டை போட்டு, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் பிரவுன் டேப் ஒட்டி, முதுகுப் பக்கம் கிழித்து எடுத்தால் உடம்பின் வடிவம் அப்படியே கையில் வந்துவிடும். அதை வெட்டி விரித்து நியூஸ் பேப்பரில் வரைந்தேன். 10 மி.மீ ஈ.வி.ஏ. என்ற ஃபோம் ஷீட்டில் முதுகு முழுவதையும் ஒரே துண்டாக வெட்டி, சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னால் சூடாக்கி வளைத்தேன். 70 செ.மீ உயரம், 56 அகலம், வளைவின் ஆழம் 31. பார்க்க அருமையாக வந்தது. அதற்குப் பிறகுதான் ரயில்வேயின் சாமான் விதியை எடுத்துப் படித்தேன்.

பயணிகள் பெட்டிக்குள் சொந்தச் சாமானாகக் கொண்டுபோகிற பெட்டியின் வெளி அளவு 100 செ.மீ நீளம், 60 செ.மீ அகலம், 25 செ.மீ உயரம். ஸ்லீப்பரில் 40 கிலோ வரை கட்டணம் கிடையாது. மூன்றடுக்கு ஏசியில் பெட்டி இன்னும் சின்னது: 55 × 45 × 22.5. அதற்கு மேல் போனால் ரயிலின் சாமான் பெட்டியான பிரேக் வேனில் புக் செய்ய வேண்டும். ஃபோம் கவசத்தை மூட்டைகளுக்கு நடுவே போட்டுவிட்டு நான் தூங்க முடியாது. ஈ.வி.ஏ. கனமற்றது, ஆனால் பாரத்தை நெடுநேரம் தாங்காது. ஓர் இரவு முழுக்க ஒரு பெட்டி மேலே உட்கார்ந்தால் அமுங்கிய இடம் பிறகு எழும்பாது. சூட்டில் இன்னும் மோசம். 31 செ.மீ ஆழமான முதுகு 25 செ.மீ பெட்டிக்குள் எந்தப் பக்கம் சாய்த்தாலும் போகாது. அந்த ஷீட் 900 ரூபாய்.

அன்று முதல் வேலையின் வரிசையே மாறிவிட்டது. முதலில் பெட்டி, பிறகுதான் உடம்பு. பிளாஸ்டிக் ஃப்ளூட் போர்டில் (உள்ளே வரிவரியாகக் குழாய் ஓடுகிற பிளாஸ்டிக் அட்டை) வெளி அளவு 98 × 58 × 24.5 வரும்படி ஒரு பெட்டி செய்தேன். மூலைகளுக்கு அலுமினிய ஆங்கிள், ஒரு முனையில் இரண்டு சின்னச் சக்கரம், மறு முனையில் கைப்பிடி. 750 ரூபாய் ஆனது. வெற்றுப் பெட்டியை வரவேற்பறையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வெட்டியவுடனே அதற்குள் வைத்துப் பார்த்தேன். உள்ளே படுக்காத பாகத்தை ஃபோமில் வெட்டவில்லை.

இந்த நிபந்தனை வந்ததும் அழுங்கே வழியையும் காட்டியது. அதன் உடம்பில் ஒரே ஓடு இல்லை, ஒன்றின் மேல் ஒன்று படிந்த செதில்கள்தான். இந்திய அழுங்குக்கு உடம்பைச் சுற்றி 11 முதல் 13 வரிசைச் செதில்கள் இருக்கும், வயிற்றுப் பக்கம் செதிலே கிடையாது. ஃபோம் முதுகைத் தூக்கி வைத்துவிட்டு, கெட்டிக் காடாத் துணியில் மூன்று துண்டாக ஒரு மேற்சட்டை தைத்தேன். முதுகு ஒரு துண்டு, விலாப் பக்கம் இரண்டு. முதுகில் 7 நெடுவரிசை, விலாவுக்கு மும்மூன்று, ஆக 13. வயிற்றுக்கு வெறும் பருத்தித் துணி. துணி மேல் செதில் ஒட்டினால் மாட்டும்போது உடம்போடு வளையும், கழற்றினால் தட்டையாகக் கிடக்கும். முதுகுத் துண்டு 68 × 52, படுக்கவைத்தால் கனம் 3 செ.மீ. மூன்று துண்டும் தோளிலும் விலாவிலும் பக்கிள் கிளிப்பால் சேரும். பள்ளிப் பையில் வருகிற அதே கிளிப்.

செதில் மூன்று அளவு. பெரியது 9 செ.மீ நீளம், 8 அகலம். நடுத்தரம் 6.5-க்கு 6. சின்னது 4-க்கு 4, அது கழுத்துக்கும் கைக்கும். எல்லாமே 4 மி.மீ ஈ.வி.ஏ. ஷீட். செருப்பு அடிமட்டத்துக்கு விற்கிற சரக்கேதான். ஒன்று 520 ரூபாய் வீதம் திருநெல்வேலியில் இரண்டு வாங்கினேன். கைவினைக் கடைகளில் வேடம் கட்டுவதற்கென்றே காஸ்ப்ளே ஃபோம் என்று விற்பதைவிட இது சற்று விறைப்பு, ஆனால் செதிலுக்கு அந்த விறைப்புதான் வேண்டும்.

நானூற்றுச் சொச்சம் செதிலைக் கத்திரியால் வெட்டத் தொடங்கி, கட்டை விரல் மரத்துப்போய் நிறுத்தினேன். எங்கள் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிதான் டை அடித்துக்கொள்ளச் சொன்னார். லேத் பட்டறையில் ஒரு பட்டை இரும்பைச் செதில் வடிவத்துக்கு வளைத்துப் பற்றவைத்து, ஒரு விளிம்பைச் சாணை பிடித்துக் கொடுத்தார்கள். பெரிய அளவுக்கும் நடு அளவுக்கும் ஒவ்வொன்று, இரண்டும் சேர்த்து 400 ரூபாய். ஷீட்டுக்கு அடியில் புளியமரக் கட்டை, மேலே டை, மரச் சுத்தியலால் ஓர் அடி. செதில் சுத்தமாக விழும். பக்கவாட்டு விளிம்பு நேராக நிற்கும், கத்திரியில் வெட்டியது போலச் சரிந்திருக்காது. ஒரு மாலையில் பெரிய செதில் அத்தனையும் முடிந்தது. நூறு செதிலுக்கு மேல் தேவைப்படுகிற எந்த வேலைக்கும் டை அடிப்பதற்குத்தான் என் ஓட்டு.

அழுங்குச் செதிலில் நீளவாக்கில் கோடு ஓடும். அதை வரைந்து காட்டினால் பொம்மை போலிருக்கும். கட்டர் கத்தியில் புது பிளேடு போட்டு, ஒரு மி.மீ ஆழத்துக்கு ஐந்து கீறல் போட வேண்டும். பிறகு ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் கீறல் கண்ணெதிரே வாய் திறந்து பள்ளமாகும். அதே சூட்டில் ஃபோமின் மேல்தோல் இறுகி லேசாகப் பளபளக்கும், நுண்துளைகள் மூடிக்கொள்ளும். சூடு ஆறுவதற்குள் செதிலைக் குழவிக்கல் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் நிரந்தர வளைவு கிடைக்கும். எல்லாம் மொட்டை மாடியில்தான் செய்தேன். சூடான ஃபோமின் புகை வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பிளேடைத் தயங்காமல் ஒடித்துப் போட வேண்டும். மழுங்கின பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும்.

ஒட்டுகிற கட்டத்தில்தான் ஊரின் பருவம் குறுக்கே வந்தது. செங்கோட்டைக்குத் தென்மேற்குச் சாரலும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் பக்கமும் சுவரெல்லாம் ஓதம் காத்துக் கிடந்தது. அந்த வாரத்தில் ஒட்டிய முதுகின் கீழ் இரண்டு வரிசை, விரலால் நெம்பியதும் அப்பளமாக உரிந்து வந்தது.

துண்டை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உரிந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“ஏம்மா, பசை மேல வெள்ளை பூத்திருக்கு பாரு. வேர்த்துட்டு. மழை நாள்ல பசை தடவினா இப்படித்தான் வேர்க்கும்லா. காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா பிடிக்காது.”

அவர் சொன்னதுதான் சரியான விளக்கம். செருப்புப் பசையில் இருக்கிற கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிகிறது. இரண்டு பசைப் பரப்புக்கும் நடுவே நீர் இருந்தால் என்ன அழுத்தினாலும் ஒட்டாது. “அப்ப நீங்க மழைக்காலத்துல என்ன செய்வீங்க அண்ணாச்சி?” என்றேன். “பசை போடறதுக்கு முன்னாடி சரக்கைச் சூடா வச்சுக்குவேன். குண்டு பல்பு பக்கத்துல” என்றார்.

ஓர் அட்டைப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, செதிலையும் துணியையும் அதில் வைத்து வெதுவெதுப்பாக்கினேன். பசை தடவாத துண்டு மட்டும்தான் அந்தப் பெட்டிக்குள் போகலாம். பசை பூசியதை எக்காரணம் கொண்டும் பல்பு பக்கமோ ஹீட் கன் பக்கமோ கொண்டுபோகக் கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். கூடவே 300 ரூபாய்க்கு ஓர் ஈரப்பதமானி வாங்கிச் சுவரில் மாட்டினேன். 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் பசை டப்பாவைத் திறப்பேன். டிசம்பர் கடைசியில் அது பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையில்தான் நடந்தது. இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்தினேன். காய்வதற்கு வெயிலில் 10 நிமிடம், மந்தாரத்தில் 20. அதற்குப் பிறகு ஒட்டிய செதிலைப் பிய்த்தால் ஃபோம்தான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை.

பசையை மட்டும் நம்பிச் செதிலைத் தொங்கவிட முடியாது. நேராக ஊசி போட்டுத் தைத்தால் தையல் ஓட்டையே கிழிசலுக்கு வழிவிடும். செதிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் துணியோடு ஒட்டி, அந்த விளிம்பு மேல் 1.5 செ.மீ அகலத்துக்கு ரெக்ஸின் பட்டை வைத்து, பட்டை, செதில், துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் நின்றது. வீட்டுத் தையல் மெஷினில் அந்தக் கனம் ஏறாது. அண்ணாச்சி தன் மெஷினில் நைலான் நூலில் வரிசைக்கு ஒன்றாக ஓட்டித் தந்தார். தையலுக்கு 600 வாங்கிக்கொண்டார். கீழ் வரிசையில் தொடங்கி மேலே போக வேண்டும், அப்போதுதான் மேல் செதில் கீழ்த் தையலை மூடும்.

வால்தான் எனக்கு மிகவும் பிடித்த பாகம். அழுங்கின் வால் நீளமானது, குறுக்கக் கூடாது. 86 செ.மீ வால் பெட்டியில் நீளவாக்கில் படுக்கும், ஆனால் படுத்தால் முதுகுக்கும் தலைக்கும் இடமிருக்காது. அதனால் அடுக்குச் சட்டி போல ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிற ஏழு வளையங்களாகச் செய்தேன். ஒவ்வொன்றும் 14 செ.மீ உயரம், அடுத்ததோடு 2 செ.மீ படிவு. பெரிய வளையத்தின் குறுக்களவு 22, சின்னதுக்கு 7. முதலில் வளையத்துக்கு வளையம் 1 செ.மீ வித்தியாசம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது வெறும் வளையத்துக்குச் சரி. செதில் ஒட்டினால் சுவரின் கனமே 12 மி.மீ ஆகிவிடுகிறது, படிந்த இடத்தில் செதில் இரட்டையாக இருக்கும். 2.5 செ.மீ வித்தியாசம் வைத்த பிறகுதான் வளையம் உரசாமல் இறங்கியது. உள்ளே இரண்டு நாடா, ஒவ்வொரு வளையத்திலும் ரிவெட் அடித்து, நடுவில் 12 செ.மீ தளர்வு. நுனியைப் பிடித்து இழுத்தால் வால் நீளும், தள்ளினால் 14 செ.மீ உயரத்தில் ஒரு தட்டாக உட்காரும். நீட்டிப் பிடித்து ஆட்டினால் வளையங்கள் தனித்தனியே அசைந்து உயிருள்ள வால் போலவே புரளும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே மாடி ஏறி வந்தார்கள்.

தலைக்குக் கட்டட வேலைக்காரர்கள் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி, 150 ரூபாய். உள்ளே தலைப்பட்டை ஏற்கெனவே இருப்பதால் அளவு பிரச்சினை இல்லை. மூக்கு தனித் துண்டு, வெல்க்ரோவில் கழலும். கண் இருக்கிற இடத்தில் என் முகம் திறந்தேதான் இருக்கும். உச்சியில் துளை போட்டு 40 மி.மீ கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி வைத்து, பவர் பேங்கோடு இணைத்தேன். அழுங்கின் முன்னங்காலில் மூன்று நகம் பெரிதாக இருக்கும், அதனால் கைக்கு மூன்று நகம், ஒவ்வொன்றும் 12 செ.மீ. வீணான 10 மி.மீ முதுகிலிருந்தே அவற்றை வெட்டினேன். உலோகம் எங்கும் வெளியே தெரியக் கூடாது. கூர்மையானதும் உண்மை ஆயுதமும் வாசல் சோதனையிலேயே நின்றுவிடும்.

இனி பூச்சு. ஃபோம் மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் உறிஞ்சிக்கொள்ளும், வளைத்தால் வெடிக்கும். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து நாலு கோட் அடிப்பது நம்மூரில் மலிவான வழி. மாதிரிச் செதிலில் அதுவும் வளைவில் முடிக்கோடாக வெடித்தது. வளைந்து கொடுக்கிற பூச்சு வேண்டுமென்று யோசித்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் கழுதுருட்டியில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கிற சித்தப்பா நினைவுக்கு வந்தார். மரத்திலிருந்து இறக்கிய பால் சில மணி நேரத்திலேயே உறைந்துவிடும். அதை அப்படியே பயன்படுத்த முடியாது. சுழற்றிச் செறிவாக்கி அம்மோனியா கலந்த 60 சதவீதப் பால் புனலூரில் கிடைக்கும் என்று அவர்தான் வாங்கி அனுப்பினார். இரண்டு லிட்டர், 560 ரூபாய். மூடியைத் திறந்தால் அம்மோனியா கண்ணைக் குத்தும், இதுவும் மாடி வேலைதான். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத தோல் சிலருக்கு உண்டு. முழங்கையின் உட்புறம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிரஷை முதலில் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்துகொண்டால் பால் அதில் உறையாது. இல்லாவிட்டால் ஒரு பிரஷ் ஒரு வேலைக்குத்தான். மெல்லிய கோட் மூன்று. வெள்ளையாகப் போனது காய்ந்ததும் தெளிந்து தேன் நிறத்துக்கு வரும், அந்த நிறமே அழுங்குச் செதிலுக்குப் பாதி வேலையை முடித்துவிடுகிறது. காய்ந்த பால் தன்னோடு தானே ஒட்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். படிந்திருந்த செதில்கள் மறுநாள் காலையில் ஒரே தகடாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து இடையில் முகப் பவுடர் தூவினேன். அதற்குப் பிறகு பால் காய்ந்த உடனே பவுடர் தூவாமல் எதையும் மடிக்கவில்லை.

செதிலுக்கு வெண்கலப் பளபளப்பு வேண்டுமென்று, பெயின்ட் கடையில் விற்கிற செம்பு கலந்த பொன்னிறத் தூளை வாங்கிப் பாலில் கலந்தேன். கிண்ணத்தின் ஓரம் சிறிது நேரத்தில் நீலப் பச்சையாகத் திரும்பியது. அம்மோனியா செம்பைக் கரைக்கிறது. நிறம் பூச்சில் தெரியவில்லை என்று மாதிரிச் செதில் நாலில் அடித்து, அடுப்படி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். பொங்கல் நெருங்கும்போது தொட்டுப் பார்த்தால் அந்த நாலு மட்டும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, பக்கத்தில் தொங்கிய வெறும் பால் பூசியவை நன்றாக இருந்தன. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, ரப்பர் பாலுக்குச் செம்பு ஆவவே ஆவாது. நாங்க அலுமினியத் தட்டுலதான ஊத்துவோம், கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா” என்றார்.

செம்பும் மாங்கனீசும் ரப்பரை வேகமாகச் சிதைக்கும். அந்தத் தூளைச் சட்டை முழுக்கப் பூசியிருந்தால் பிப்ரவரியில் கையில் பிசின்தான் மிஞ்சியிருக்கும். பதிலாக, ரெசின் வேலை செய்கிறவர்கள் வாங்குகிற மினுமினுப்பான மைக்கா பொடியைப் பாலில் கலந்து கடைசிக் கோட்டாக அடித்தேன். அடித்தளத்துக்கு அக்ரிலிக் பழுப்பையும் கறுப்பையும் பாலிலேயே கலந்துகொண்டேன். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்ததும் இரண்டு பங்கு கருமையாகும், அதற்கேற்ப வெளிறலாகக் கலக்க வேண்டும். நிறத்துக்கு மொத்தம் 640.

எண்ணெயும் ரப்பருக்கு ஆகாது. அம்மா தலைவாரிவிட்டு வந்த கையோடு ஒரு செதிலை எடுத்துப் பார்த்து வைத்தார். மறுநாள் அதில் கட்டைவிரல் ரேகை உப்பி எழுந்திருந்தது, வட்டம் வட்டமாக எண்ணலாம். அந்தச் செதிலை மாற்றவில்லை, இடது தோளில் இருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கவசத்தைத் தொட்டார்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் தொப்பிக்குள் துணிக் குல்லா போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டிய வரிசை: அடியில் முதுகு, அதன் மேல் விலாத் துண்டுகள், இடையில் பவுடர் தூவிய பட்டர் பேப்பர். மேலே ஒரு முனையில் சுருங்கிய வால், மறு முனையில் தொப்பி, நடுவில் கை கால் உறைகள். தொப்பிக்குள் ஃபேன், பவர் பேங்க், நகம். எடை 9 கிலோ. பழுது பார்க்கும் பை தனி. அதில் பசை டப்பா கிடையாது, தீப்பற்றுகிற பொருளை ரயிலில் ஏற்றக் கூடாது. இரட்டைப் பக்க டேப், கேபிள் டை, ஊக்கு, நைலான் நூல் கோத்த கோணி ஊசி, மிச்சச் செதில் பத்து, பவுடர் டப்பா. இவ்வளவும் போதுமானதாக இருந்தது.

பொதிகை எக்ஸ்பிரஸில் நானும் தம்பியும் போனோம். கீழ் பெர்த்துக்கு அடியில் பெட்டி தள்ளியதும் போய்விட்டது. 25 செ.மீ உயரத்தின் அருமை அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. எதிர் பெர்த்துப் பெரியவர் தன் பையை அதன் மேல் வைக்கப் போனார். தம்பி, “தாத்தா, உள்ள உடையுற சாமான்” என்றதும் மேலே வைத்துக்கொண்டார். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து ஆட்டோவில் நந்தம்பாக்கம். ஆட்டோவில் பெட்டி குறுக்கே நுழையவில்லை. நிமிர்த்தி வைத்து, தம்பி ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்தான்.

உடை மாற்றி மாட்ட 25 நிமிடம். தனியாக மாட்ட முடியாது, முதுகுக் கிளிப்புக்கு இன்னொரு கை வேண்டும். அரங்கத்துக்குள் நுழைந்ததும் பலர் டிராகனா, டைனோசாரா என்று கேட்டார்கள். அழுங்கு என்றேன். படம் எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் இன்று அதன் நாள் என்று சொன்னேன். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்து, வளையம் நீண்டதும் கைதட்டினாள். அவளுடைய அப்பா வேலூர்க்காரர். தங்கள் பக்கம் இதை அலுங்கு என்பார்கள், சின்ன வயதில் ஒன்று பார்த்ததுண்டு என்றார். கவசம் அதற்காகத்தான் கட்டப்பட்டது.

பழுதுகளும் வந்தன. உட்கார்ந்து எழுந்தபோது முதுகின் கடைசி வரிசையில் மூன்று செதில் ரெக்ஸின் பட்டையோடு கிழிந்தது, கோணி ஊசியால் அங்கேயே தைத்தேன். வால் 1.4 கிலோதான். ஆனால் மொத்தப் பாரமும் இடுப்பு பெல்ட்டில் தொங்கியதால் பெல்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் இடுப்பெலும்பு வலித்தது. தம்பியின் பையிலிருந்த தோள்பட்டையைக் கழற்றி, பெல்ட்டையும் சட்டைத் தோளையும் கேபிள் டையால் இணைத்ததும் சரியானது. ஃபேன் வேலை செய்தது, ஆனால் தண்ணீர் குடிக்க ஒவ்வொரு முறையும் நகத்தைக் கழற்ற வேண்டியிருந்தது.

செலவு மொத்தம் 8,100 ரூபாய். ரயில் கட்டணமும் நுழைவுச் சீட்டும் இதில் சேராது. இதில் ஹீட் கன், டை, ஈரப்பதமானி மூன்றும் 2,050. அவை அடுத்த வேலைக்கும் இருக்கின்றன.

அடுத்த முறைக்கு வாலைப் பெல்ட்டில் தொங்கவிடாமல், தோளிலிருந்து இறங்குகிற எக்ஸ் வடிவ நாடாவில் கட்டுவேன். அந்த நாடா சட்டைக்குள்ளேயே தைத்து வரும். முதுகின் கடைசி இரண்டு வரிசையைத் தனித் துண்டாக்கி வெல்க்ரோ போடுவேன், உட்காரும்போது கழற்றிவிடலாம். நகத்தில் ஆள்காட்டி விரல் நுனியைத் திறந்து விடுவேன். ஒட்டு வேலையை டிசம்பருக்குத் தள்ளாமல் செப்டம்பருக்குள் முடிப்பேன். சாரல் விட்டு, ஐப்பசி மழை தொடங்காத அந்தச் சில வாரங்களில்தான் எங்கள் ஊரில் ஈரப்பதமானி பகலெல்லாம் 70-க்குக் கீழே நிற்கும். பெட்டியின் அகலத்தை மட்டும் 58-லிருந்து 50 ஆக்கப் பார்க்கிறேன், ஆட்டோவில் குறுக்காக நுழைய அதுதான் அளவு. முதுகுத் துண்டு 52 இருப்பதால், அதை நடுவில் பிளந்து இரண்டு 26 ஆக்கி, பிளவை மூட நடு நெடுவரிசையை ஒரு பக்கத்தோடு மட்டும் தைக்க வேண்டும். காகிதத்தில் வெட்டி வைத்துப் பார்த்தேன், படுக்கிறது.